நாடுகள் பிறந்த கதை – 17: போட்ஸ்வானா, பாலைவன ஓரத்தில் ஒரு குடியரசு

லெசோத்தோவில் 1970 ஜனவரியில் நடந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். தேர்தலில் தோற்கப்போவது தெரிந்ததும், முடிவுகள் முழுதாக வெளிவருமுன்பே பிரதமர் லெபுவா ஜோனதன் நெருக்கடி நிலையை அறிவித்தார். அரசியலமைப்பு முடக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். மன்னர் இரண்டாம் மொஷ்வேஷ்வே நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னால், 1969 அக்டோபரில், இன்னொரு நாட்டில் தேர்தல் நடந்தது. அதுவும் 1966இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடுதான். அதுவும் தென்னாப்பிரிக்காவின் நிழலில் கிடந்த நாடுதான். அங்கே ஆளுங்கட்சி பெரும்பான்மை பெற்றது. ஆனால் ஆட்சியில் இரண்டாம் இடத்தில் இருந்த க்வெட் மசீரே, துணை அதிபரும் நிதியமைச்சருமான அவர், சொந்த மண்ணான கான்யேயில் தோற்றுப்போனார். அவரைத் தோற்கடித்தவர் பங்வகெட்சே மக்களின் தலைவராக நாற்பது ஆண்டுகள் இருந்த இரண்டாம் பத்தோயென். புதிய குடியரசின் சட்டங்கள் தலைவர்களின் அதிகாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டதில் கொதித்துப்போய், பட்டத்தைத் துறந்துவிட்டு எதிர்க்கட்சி வேட்பாளராக நின்றவர் அவர். முடிவு அறிவிக்கப்பட்டது, மசீரே ஏற்றுக்கொண்டார். நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும் சிறப்பு உறுப்பினர் இடங்கள் சில அரசியலமைப்பில் இருந்தன. அவற்றில் ஒன்றின் வழியே மறுபடி அவைக்குள் வந்தார். பத்தோயென் பல ஆண்டுகள் எதிர்வரிசையில் உட்கார்ந்து அரசைக் கேள்வி கேட்டார். யாரும் சிறைக்குப் போகவில்லை.

அந்த நாடு போட்ஸ்வானா.

அதன் நல்லாட்சியைப் பற்றிப் பேச்சு வந்தால், வைரம் இருந்தது, அதனால் பிழைத்தார்கள் என்று முடித்துவிடுவது வழக்கம். 1969இல் அங்கே வைரச் சுரங்கம் எதுவும் திறக்கப்பட்டிருக்கவில்லை. முதல் சுரங்கமான ஒராப்பா இயங்கத் தொடங்கியது 1971இல். வைரம் நிறையக் கிடைத்த காங்கோவும் அங்கோலாவும் சியரா லியோனும் பட்ட பாடு உலகுக்கே தெரியும். ஆகவே நாம் இன்னும் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் பின்னால் போயாக வேண்டும்.

கலஹாரிப் பாலையின் கிழக்கு ஓரத்தில், கொஞ்சம் மழை பெய்கிற, மாடு மேய்க்க முடிகிற நிலப்பட்டையில் செட்ஸ்வானா மொழி பேசும் மக்கள் பல தலைமைகளின் கீழ் வாழ்ந்தார்கள். வடக்கே பங்வாட்டோ, தெற்கே பக்வேனா, பங்வகெட்சே. ஒவ்வொரு தலைமைக்கும் ஒரு பேரூர் உண்டு. ஊர் நடுவில், தலைவரின் வீட்டுக்கும் மாட்டுப் பட்டிக்கும் பக்கத்தில், மரக்கம்பங்களைப் பிறை வடிவில் நட்டுக் காற்றை மறித்த ஒரு வெளி இருக்கும். அதற்குப் பெயர் கோட்லா. வழக்கு, வரி, மேய்ச்சல், போர் எல்லாம் அங்கேதான் பேசப்பட்டன. யாரும் எழுந்து பேசலாம்; தலைவரைக் கடிந்தும் பேசலாம். தலைவர் கடைசியில்தான் வாய் திறப்பார். கேட்டதையெல்லாம் மனத்தில் வைத்து முடிவு சொல்வார். சொல்பேச்சுக் கேளாத தலைவரை விட்டுவிட்டு மக்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வேறு தலைவரிடம் போய்ச் சேர்ந்ததும் உண்டு.

இதை அளவுக்கு மீறிப் புகழவேண்டியதில்லை. பெண்களுக்கு அங்கே பேச்சுரிமை கிடையாது. பாலையின் ஆதிக்குடிகளான சான் மக்கள் பலர், செட்ஸ்வானா பேசும் செல்வர்களின் மாடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி மேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கோட்லாவில் இடமே இல்லை. இதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசிப் பகுதிக்கு இது வேண்டும்.

1884இல் ஜெர்மனி மேற்கே தென்மேற்கு ஆப்பிரிக்காவைப் பிடித்தது. கிழக்கே டிரான்ஸ்வாலில் போயர்கள் இருந்தார்கள். இருவரும் கைகோத்தால் கேப் காலனியிலிருந்து வடக்கே போகும் வழி அடைபட்டுவிடும் என்று பிரிட்டன் அஞ்சியது. 1885இல் பெச்சுவானாலாந்து அதன் பாதுகாப்புப் பகுதியானது. வழிதான் வேண்டியிருந்தது, நிலத்தின்மேல் பெரிய ஆசை இல்லை. அதனால்தான் பத்தே ஆண்டுகளில் அந்தப் பகுதியை செசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட லண்டன் தயாரானது. கம்பெனி ஆட்சி வந்தால் நிலம் போய்விடும் என்பது தலைவர்களுக்கு நன்றாகத் தெரியும். வடக்கே மட்டபெலேலாந்தில் 1893 போருக்குப் பிறகு நடந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

1895இல் மூன்று தலைவர்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். பங்வாட்டோவின் மூன்றாம் காமா, பக்வேனாவின் முதலாம் செபெலே, பங்வகெட்சேயின் முதலாம் பத்தோயென். காலனி அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் அவர்களைப் பார்த்தார். கம்பெனியோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டார். மூவரும் திரும்பிப் போகவில்லை. ஊர் ஊராகப் போய் தேவாலயங்களிலும் மதுவிலக்குச் சங்கங்களிலும் பேசினார்கள். காமா தம் நாட்டில் மதுவைத் தடை செய்தவர். கம்பெனி வந்தால் சாராயம் வரும், நிலம் போகும் என்ற பேச்சு அந்தக் கால இங்கிலாந்தில் நன்றாக எடுபட்டது. அமைச்சகத்துக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. விடுமுறையிலிருந்து திரும்பிய சேம்பர்லின் நவம்பரில் இறங்கிவந்தார். ரயில் பாதைக்கு ஒரு கீற்று நிலத்தை விட்டுக்கொடுத்தால் போதும், மற்ற நிலம் மகாராணியின் பாதுகாப்பில் தலைவர்களிடமே இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த மாதமே ரோட்ஸின் ஆள் ஜேம்சன், பெச்சுவானாலாந்தின் பிட்சானியிலிருந்து ஒரு படையைத் திரட்டிக்கொண்டு டிரான்ஸ்வாலுக்குள் பாய்ந்து, தோற்று, சிறைப்பட்டார். ரோட்ஸ் கேப் காலனியின் பிரதமர் பதவியை இழந்தார். அதோடு பெச்சுவானாலாந்தின் மீது கம்பெனிக்கு இருந்த கண்ணும் மூடியது. அந்த மூன்று தலைவர்களுக்கு இன்று கபோரோனே நகரில் பெரிய வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. நாட்டின் பிறப்பை எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் அந்தக் கப்பலில்தான் தொடங்குவேன். அதுவரை மாட்டுக்கும் எல்லைக்கும் சண்டையிட்டுக்கொண்ட தலைமைகள் அண்டையில் வந்த ஆபத்துக்கு முன்னால் ஒரே குரலில் பேசியது அப்போதுதான்.

ஆபத்து அத்துடன் போகவில்லை. 1909இன் தென்னாப்பிரிக்கச் சட்டம், பெச்சுவானாலாந்து, பசுட்டோலாந்து, சுவாசிலாந்து மூன்றையும் பிற்பாடு தென்னாப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்க்க வழிவகுத்து வைத்திருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் பிரிட்டோரியாவில் ஒவ்வொரு பிரதமரும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தலைவர்கள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். எப்படியும் தென்னாப்பிரிக்காவுக்குத்தானே போகப்போகிறது என்ற எண்ணத்தில் பிரிட்டன் அங்கே பணம் செலவழிக்கவில்லை. பள்ளி இல்லை, சாலை இல்லை. தலைநகரம்கூட நாட்டுக்குள் இல்லை. எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்க மண்ணில் இருந்த மாஃபெகிங்கிலிருந்து ஆட்சி நடந்தது.

இனி செரெட்சே காமாவின் கதைக்கு வருவோம்.

மூன்றாம் காமாவின் பேரர் செரெட்சே. 1921இல் செரோவேயில் பிறந்தார். நான்கு வயதில் தந்தை இறந்ததால் சித்தப்பா செகெடி காமா அவர் சார்பில் ஆண்டார். ஆக்ஸ்ஃபோர்டிலும் பிறகு லண்டனிலும் சட்டம் படிக்கப்போன செரெட்சே, ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைக் காதலித்தார். ரூத் போர்க்காலத்தில் விமானப்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றியவர். அப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தர். தேவாலயம் திருமணம் செய்துவைக்க மறுத்தது. 1948 செப்டம்பர் 29 அன்று பதிவாளர் அலுவலகத்தில் மணம் முடிந்தது.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். நான்கு மாதங்களுக்கு முன்புதான் தென்னாப்பிரிக்காவில் மலானின் தேசியக் கட்சி நிறவெறிக் கொள்கையோடு ஆட்சிக்கு வந்திருந்தது. 1949இல் அந்த அரசு கலப்புத் திருமணத்தையே குற்றமாக்கிச் சட்டம் போட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கறுப்புத் தலைவர் வெள்ளைக்கார மனைவியோடு பட்டத்துக்கு வருவதா?

செகெடியும் எதிர்த்தார், அவருடைய காரணம் வேறு. வருங்காலத் தலைவனின் மனைவியை மக்கள்தான் ஏற்கவேண்டும், அவர்களைக் கேளாமல் எப்படி மணம் முடிக்கலாம் என்பது அவர் கேள்வி. செரோவேயின் கோட்லா கூடியது. முதல் கூட்டங்களில் மூத்தவர்கள் செரெட்சேவைக் கண்டித்தார்கள். 1949 ஜூனில் மறுபடி கூடினார்கள். நாள்கணக்கில் பேச்சு நடந்தது. கடைசியில் செரெட்சே, தம் மனைவியை ஏற்காதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். கொஞ்சப் பேர் எழுந்தார்கள். ஏற்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றபோது ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். செகெடி தம் ஆட்களோடு ஊரைவிட்டு பக்வேனா நாட்டுக்குப் போய்விட்டார்.

மக்கள் தீர்த்துவைத்த விஷயத்தை பிரிட்டன் கெடுத்தது. அட்லியின் தொழிற்கட்சி அரசுக்குத் தென்னாப்பிரிக்கத் தங்கமும் யுரேனியமும் தேவைப்பட்டன. ஹாரகின் தலைமையில் ஒரு விசாரணை நடந்தது. செரெட்சே எல்லா வகையிலும் ஆளத் தகுதியானவர்தான், அண்டை அரசுகள் ஒப்பமாட்டா என்பதே தடை என்று அந்த அறிக்கை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. எழுதியதை வெளியே விட அரசுக்குத் துணிவு இல்லை; முப்பது ஆண்டுகள் அறிக்கை பூட்டிவைக்கப்பட்டது. 1950இல் பேச்சுவார்த்தை என்று லண்டனுக்கு அழைத்து, பட்டத்தைத் துறந்தால் ஆண்டுப்படி தருகிறோம் என்றார்கள். செரெட்சே மறுத்தார். ஐந்தாண்டுகளுக்குச் சொந்த நாட்டுக்குள் நுழையத் தடை விதித்தார்கள். அடுத்து வந்த சர்ச்சில் அரசு 1952இல் அதை நிரந்தரமாக்கியது.

முதலில் ஐந்தாண்டுத் தடை விதித்த செய்தியை பங்வாட்டோ மக்களிடம் சொல்ல உயர் ஆணையர் சர் ஈவ்லின் பேரிங் செரோவேக்கு வந்தபோது கோட்லா வெறுமையாகக் கிடந்தது. ஒருவரும் வரவில்லை. வேறு தலைவரைத் தேர்ந்தெடுங்கள் என்று அரசு ஆறு ஆண்டுகள் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தது. மக்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை. கடைசியில் செரெட்சேவும் செகெடியும் சமரசமாகி, இருவரும் பட்டத்தைத் துறப்பதாகக் கையெழுத்திட்டார்கள். 1956இல் செரெட்சே வீடு திரும்பினார், ஒரு சாதாரணக் குடிமகனாக.

அண்டை நாட்டின் நிறவெறி அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தது. பட்டம் போனதால்தான் அவர் ஓர் இனக்குழுவின் தலைவர் என்ற வட்டத்தைத் தாண்டி நாடு முழுவதற்கும் பொதுவான மனிதர் ஆக முடிந்தது. 1962இல் மசீரேயோடு சேர்ந்து போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். செரெட்சே வடக்கின் அரச குடும்பத்தவர். மசீரே தெற்கின் விவசாயி, பள்ளி ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர். 1965 தேர்தலில் 31 இடங்களில் 28 அவர்களுக்குக் கிடைத்தன. தலைநகரம் மாஃபெகிங்கிலிருந்து, புதருக்குள் அவசரமாகக் கட்டிய கபோரோனேக்கு வந்தது. 1966 செப்டம்பர் 30 நள்ளிரவில் கொடி ஏறியது. வெளிர்நீலத்தின் நடுவில் கறுப்புப் பட்டை, அதன் இருபுறமும் வெள்ளைக் கோடு. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே நாட்டில் சேர்ந்து வாழ முடியும் என்று எல்லைக்கு அப்பால் தெரியும்படி உயர்த்திய கொடி அது.

கொடியேறிய நாட்டின் நிலையைச் சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். பரப்பு 5,82,000 சதுர கிலோமீட்டர். மக்கள் ஐந்தரை லட்சம் அளவில்தான். தார்ச்சாலை 12 கிலோமீட்டர். பட்டதாரிகள் 22 பேர். தொடர் வறட்சியில் மாடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயிருந்தது. அரசின் அன்றாடச் செலவுக்கே பிரிட்டன் பணம் அனுப்பவேண்டும். ரயில் ரொடீசியாவுடையது, நாணயம் தென்னாப்பிரிக்காவின் ராண்ட், பல்லாயிரம் ஆண்கள் கூலிக்குப் போனது தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு. தெற்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் வெள்ளையர் ஆட்சி. சொந்தமாக ஒரு ராணுவம்கூட இல்லை.

இந்த வறுமையில்தான் அந்தக் குடியரசு தன் வாழ்வின் மிக முக்கியமான முடிவை எடுத்தது. நிலத்துக்கு அடியில் கிடைப்பது யாருக்கு? அதுவரை இருந்த வழக்கப்படி அந்தந்த இனக்குழுவுக்கு. கனிம உரிமை முழுவதும் நாட்டுக்கே என்று செரெட்சேயின் கட்சி 1965 தேர்தலிலேயே சொல்லியிருந்தது. 1967இல் அது சட்டமானது. ஒவ்வொரு தலைமையும் தன் உரிமையை அரசுக்கு எழுதிக்கொடுத்தது. பெரிதும் இழக்கவேண்டியிருந்தவர்கள் செரெட்சேயின் சொந்த பங்வாட்டோ மக்கள். செலெபி-ஃபிக்வேயின் தாமிரமும் நிக்கலும் அவர்கள் நிலத்தில் இருந்தன. அதே 1967இல் டி பியர்ஸ் நிறுவனத்தின் ஆட்கள் கண்டுபிடித்த ஒராப்பா வைரமும் அவர்கள் நிலத்தில்தான் இருந்தது. தன் இனத்துக்கு வரவேண்டிய செல்வத்தை முதலில் பொதுவில் வைத்தவர் நாட்டின் தலைவர் என்பதால் பிற இனங்கள் பேச இடமில்லாமல் போயிற்று. காங்கோவில் கட்டங்காவும் நைஜீரியாவில் பியாஃப்ராவும் கனிமத்தை ஒட்டிப் பிரிந்துபோக முயன்று ரத்தம் சிந்திய அதே பத்தாண்டில் இது நடந்தது. ஆப்பிரிக்க வரலாற்றில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய அரசியல் செயல்கள் மிகக் குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

பணம் வரத் தொடங்கியபோதும் நிதானம் இருந்தது. சுரங்க நிறுவனத்தில் அரசின் பங்கு முதலில் 15 சதவீதம். வைர வளம் எவ்வளவு என்று தெரிந்ததும் மறுபடி பேசி 1975இல் அதை 50 சதவீதமாக்கினார்கள். தென்னாப்பிரிக்காவோடு இருந்த பழைய சுங்க ஒப்பந்தத்தை 1969இல் திருத்தி வருவாயைக் கூட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் உதவித்தொகை தேவையற்றுப் போனது. நிதியும் திட்டமிடலும் மசீரேயின் ஒரே அமைச்சகத்தில் இருந்தன. திட்டத்தில் இல்லாத செலவுக்குக் காசு கிடைக்காது. படித்தவர்கள் தயாராகும்வரை வெளிநாட்டு அதிகாரிகளையே வேலையில் வைத்திருந்ததற்காக உள்ளூரில் நிறையத் திட்டு வாங்கினார்கள். அந்தத் திட்டில் நியாயம் உண்டு. ஆனால் அலுவலகம் ஒழுங்காக நடந்தது. 1980களில் பல ஆண்டுகள் மழை பொய்த்தபோது பஞ்சத்தைப் பட்டினிச் சாவாக மாறவிடாமல் காத்த ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்று என்று ஜான் திரேஸும் அமர்த்தியா சென்னும் போட்ஸ்வானாவை எடுத்துக்காட்டினார்கள்.

அண்டை நாடுகளோடு வாழ்வதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. தென்னாப்பிரிக்காவோடு வணிகம் செய்தே தீரவேண்டும். ஆனால் தூதரக உறவு வைத்துக்கொள்ளவில்லை. தப்பி வந்த அகதிகளுக்கு இடம் கொடுத்தார்கள். தங்கள் மண்ணிலிருந்து ஆயுதத்தோடு போய்த் தாக்க யாரையும் விடவில்லை. விடுதலை இயக்கங்களில் சிலருக்கு இது கோழைத்தனமாகத் தெரிந்தது. ராணுவமே இல்லாத நாடு வேறு என்ன செய்திருக்க முடியும்? தம் நாடு நிறபேதமில்லாமல் நேர்மையாக நடந்துகாட்டுவதே நிறவெறிக்குத் தரும் பதில் என்பதைச் செரெட்சே பல மேடைகளில் சொன்னார். அவர் வீட்டைப் பார்த்தாலே அது புரிந்தது.

வெள்ளையர் ஆட்சியில்லாத ஒரே அண்டை ஜாம்பியா. அதனோடு இருந்த எல்லை கசுங்குலாவில், சாம்பெசி ஆற்றின் நடுவில், சில நூறு மீட்டர்தான். அங்கே போகச் சாலை போட முயன்றபோது, அப்படி ஒரு எல்லையே கிடையாது என்று 1970இல் தென்னாப்பிரிக்கா ஆட்சேபித்தது. அமெரிக்க உதவியோடு சாலை போடப்பட்டது. ஆற்றைக் கடக்க மிதவைப் படகு ஓடியது. 1979இல் ரொடீசியப் படையினர் அந்தப் படகை மூழ்கடித்தார்கள். இன்று அதே இடத்தில் 2021இல் திறந்த பாலம் நிற்கிறது.

ரொடீசியப் போர் எல்லையைத் தாண்டி வந்துகொண்டே இருந்ததால் 1977இல் வேறு வழியின்றி ஒரு பாதுகாப்புப் படை அமைத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் வடக்கே லெஷோமா அருகே ரொடீசியப் படை பதுங்கித் தாக்கியதில் 15 இளம் வீரர்கள் இறந்தார்கள். நாடே அழுதது. அப்போதும் அரசு பழிவாங்கப் புறப்படவில்லை. மாறாக, அண்டை நாடுகளைச் சேர்த்துத் தென்னாப்பிரிக்காவைச் சார்ந்திராத ஒரு பொருளாதாரக் கூட்டமைப்பை உருவாக்குவதில் செரெட்சே தம் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டார். 1980 ஏப்ரல் 1 அன்று லுசாக்காவில் ஒன்பது நாடுகள் அவர் தலைமையில் கூடின. அதே மாதம் ஜிம்பாப்வே விடுதலை பெற்றது. ஜூலை 13 அன்று, 59 வயதில், புற்றுநோயால் அவர் இறந்தார். அந்தக் கூட்டமைப்பின் தலைமையகம் இன்றும் கபோரோனேயில்தான் இருக்கிறது. 1985 ஜூன் 14 அன்று தென்னாப்பிரிக்கக் கமாண்டோக்கள் அதே கபோரோனேக்குள் இரவில் புகுந்து 12 பேரைக் கொன்றார்கள். இந்த அண்டை எப்படிப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நாடு என்ற உணர்வு இந்த அச்சத்தில் மட்டும் வளரவில்லை. போட்ஸ்வானா, லெசோத்தோ, சுவாசிலாந்து மூன்றுக்கும் பொதுவாக ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. 1975இல் லெசோத்தோ தன் மண்ணிலிருந்த வளாகத்தை எடுத்துக்கொண்டு விலகிவிட்டது. போட்ஸ்வானாவின் மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆளுக்கொரு மாடு கொடுங்கள் என்று அரசு மக்களிடம் கேட்டது. மாடு கொடுத்தார்கள், மாடு இல்லாதவர்கள் தானியமும் கோழியும் முட்டையும் கொண்டுவந்தார்கள். அப்படி எழும்பியதுதான் இன்றைய போட்ஸ்வானா பல்கலைக்கழகம். 1976இல் ராண்டைக் கைவிட்டுப் புலா என்ற சொந்த நாணயத்தை வெளியிட்டதும் அதே காலத்துத் துணிவுதான்.

செரெட்சேக்குப் பின் வந்த மசீரே 1998இல் தாமாகவே ஓய்வு பெற்றார். அதிபருக்குப் பத்தாண்டு வரம்பும் அவர் காலத்திலேயே வந்தது. ஊழலும் எட்டிப் பார்த்தது. 1990களின் தொடக்கத்தில் நில ஒதுக்கீட்டு முறைகேடு வெளிப்பட்டதும் துணை அதிபரே பதவி விலகினார். 1994இல் ஊழல் தடுப்புக்குத் தனி அமைப்பு உண்டானது. எய்ட்ஸ் நோய், வளர்ந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் பற்றியபோது அதிபர் ஃபெஸ்டஸ் மொகாய் அதை மறைக்காமல் உலகுக்குச் சொன்னார். 2002 முதல் மருந்து இலவசமானது. 2024 அக்டோபரில், 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி 61 இடங்களில் நான்கை மட்டும் பெற்றுத் தோற்றது. எண்ணிக்கை முடியுமுன்பே அதிபர் மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டார். வைரச் சந்தை சரிந்து, இளைஞர்களுக்கு வேலையில்லாமல், செல்வம் சிலரிடம் குவிந்திருந்த நாட்டில் மக்கள் கொடுத்த தீர்ப்பு அது.

இப்போது குறித்துக்கொள்ளச் சொன்ன இடத்துக்கு வருவோம். ஒரே நாடு என்று சொல்லும்போது யாருடைய முகத்தை அந்த நாட்டின் முகமாக வைத்தார்கள்? பள்ளிகளில் செட்ஸ்வானாவும் ஆங்கிலமும் மட்டும் இருந்தன. கலங்கா மொழி பேசும் குழந்தைகள் தங்கள் மொழியில் ஓர் எழுத்துக்கூடப் படிக்க வழியில்லை. தலைவர்கள் அவையில் எட்டுச் செட்ஸ்வானா இனங்களுக்கு மட்டும் நிரந்தர இடம் என்று அரசியலமைப்பே பெயர் சொல்லி எழுதியிருந்தது. அதைத் திருத்த நாற்பது ஆண்டுகள் ஆயின, திருத்தமும் அரைகுறைதான்.

சான் மக்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. அவர்கள் வேட்டையாடி வாழ்வதற்காகவும் சேர்த்து 1961இல் ஒதுக்கிய மத்திய கலஹாரிக் காட்டிலிருந்து 1997இலும் 2002இலும் அவர்களை வெளியேற்றினார்கள். தண்ணீர்க் குழாயை அடைத்தார்கள். ராய் செசானாவும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2006 டிசம்பர் 13 அன்று, அவர்களின் சம்மதமின்றி நிலத்தைப் பறித்தது சட்டவிரோதம் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் அரசுக்கு எதிராக அப்படித் தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் இருந்தது போட்ஸ்வானாவின் பெருமை. தீர்ப்பை மிகக் குறுகலாகப் பொருள்கொண்டு, வழக்கில் பெயர் இருந்தவர்கள் மட்டுமே தடையின்றித் திரும்பலாம் என்றும், தண்ணீர் தரமாட்டோம் என்றும் அரசு நின்றது அதன் இழிவு. கிணற்றுக்காக 2011இல் மறுபடி நீதிமன்றம் போய்த்தான் வென்றார்கள். 2021இல் இறந்த ஒரு சான் முதியவரை அவர் முன்னோர்களின் அந்தக் காட்டில் புதைக்கக்கூட அனுமதி மறுக்கப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு, 2024 கடைசியில்தான் அவர் உடல் அங்கே அடக்கமானது.

தன் மக்களிடமிருந்தும் மண்ணிலிருந்தும் விலக்கிவைக்கப்பட்ட ஒருவர் நிறுவிய குடியரசு அது. விலக்கிவைப்பதன் வலி அதற்கு நன்றாகத் தெரியும். சான் மக்களுக்கும் கலங்கா மக்களுக்கும் அது தர வேண்டிய கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்காதவரை போட்ஸ்வானாவின் நல்லாட்சியை முழுமையானது என்று என்னால் எழுத முடியாது.

அடுத்த இதழில், மன்னர் சோபூசா 1973இல் அரசியலமைப்பைத் தூக்கியெறிந்த சுவாசிலாந்து.

(தொடரும்)